அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?



"எங்கம்மாவுக்கு இருக்குதுங்க. எனக்கும் வந்துடுமா?"

இந்தக் கேள்வியை டாக்டர் எதிரில் நிதானமாக உட்கார்ந்து கேட்பவர்கள் குறைவு. அம்மாவுக்கு மாத்திரை வாங்க வந்த மகன், அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, எதையோ மறந்து வைத்துவிட்டவன்போல உள்ளே திரும்பி வருவான். கதவில் ஒரு கை, நின்றபடியே கேட்பான். மகளாக இருந்தால் அதுவும் கேட்கமாட்டாள். தலைவலி, தூக்கம் வரவில்லை என்பாள். அவளுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று பொறுமையாகக் கேட்டால்தான் இந்தக் கேள்வி வெளியே வரும்.

தீவிர மனநோய் என்று நான் சொல்வது மனச்சிதைவு நோயையும் இருதுருவ மனநோயையும். மனச்சிதைவில் இல்லாத குரல் காதில் கேட்கும், சுற்றியிருப்பவர்கள் எல்லாம் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றும். இருதுருவ நோயில் சில வாரங்கள் அளவு கடந்த உற்சாகம், பேச்சு, செலவு. பிறகு எழுந்திருக்கவே முடியாத சோர்வு. நம் ஊர்ப்பக்கம் இரண்டுக்கும் ஒரே பேச்சுத்தான்: "புத்தி பேதலிச்சுப் போச்சு." அதோடு இன்னொரு வாக்கியமும் சேர்ந்துகொள்ளும்: "அது அந்த வம்சத்துலயே ஓடுதுங்க."

அந்த வம்சத்தில் பிறந்த பிள்ளையின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒருநாள் அடுப்பில் பாலை மறந்துவிட்டால், ஆரம்பித்துவிட்டதோ என்று பயம். கோபத்தில் குரல் உயர்ந்தால், அம்மாவைப்போலவே கத்தினோமோ என்று பயம். தூக்கத்துக்குள் நழுவும்போது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தால், விடிய விடியத் தூக்கம் போச்சு. அம்மாவுக்கு 24 வயதில் வந்ததென்றால், தன் வயதை விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருக்கும் அந்தப் பிள்ளை. 24 தாண்டியதும் நிம்மதி வருமா என்றால் அதுவும் இல்லை. "அத்தைக்கு 30-ல் வந்ததாமே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

சரி, கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். சுற்றிவளைத்தால் பயம் கூடும்.

மனச்சிதைவு நோய் பொதுவாக 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது; அதை மறைக்க வேண்டியதில்லை. எவ்வளவு கூடுகிறது? வெவ்வேறு ஆய்வுகளில் 100 பிள்ளைகளில் 7 பேர் முதல் 13 பேர் வரை. அதாவது மனச்சிதைவு உள்ள ஒரு தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில் 100-க்கு 87 பேருக்காவது அந்த நோய் வருவதே இல்லை. பாட்டிக்கோ தாய்மாமனுக்கோ இருந்தால் வாய்ப்பு இன்னும் குறைவு. தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் இருந்தால் மட்டும் கால்வாசியிலிருந்து பாதிவரை ஏறுகிறது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது இரட்டையர் கணக்கு. ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சில் வார்த்த இரட்டையர்கள். இரண்டு பேருக்கும் பரம்பரைச் சொத்து ஒன்றே. அதில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால், மற்றவருக்கு வருவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். மரபணு மட்டுமே தலையெழுத்து என்றால் அத்தனை பேருக்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லையே! வேறு பலவும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. தாய் வயிற்றில் இருக்கும்போது கிடைத்த போஷாக்கு, பிரசவத்தில் நேர்ந்த சிக்கல், வளரும் வயதில் கஞ்சாப் பழக்கம், தாங்கமுடியாத நெருக்கடிகள் எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன.

மரபணு என்றவுடன், உடைந்த ஒரு பொருள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். 2022-ல் வெளியான உலகளாவிய பெரிய ஆய்வு, மனச்சிதைவோடு தொடர்புள்ள இடங்கள் நம் மரபணுத் தொகுதியில் 287 இருப்பதாகக் கண்டது. அவற்றில் பெரும்பாலானவை தனித்தனியாகச் செய்யும் வேலை மிக மிகச் சிறியது. ஏரிக்கு நாலா பக்கமிருந்தும் சின்னச் சின்ன ஓடைகள் வந்து சேருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓடையை வைத்து ஏரி நிரம்புமா என்று சொல்ல முடியாது. அந்த ஓடைகளில் சில உங்களிடம் இருக்கும், என்னிடமும் இருக்கும், "எங்க குடும்பத்துல அப்படி யாருக்கும் இல்ல" என்று தலைநிமிர்ந்து சொல்கிறவரிடமும் இருக்கும்.

இந்த ஆராய்ச்சியில் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, இந்த நோய் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பங்களிடம் ரத்தம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 2009-லும் 2019-லும் அதன் முடிவுகள் உலகின் பெரிய மருத்துவ இதழ்களில் வந்தன. ஒரே குடும்பத்தில் இரண்டு, மூன்று பேர் பாதிக்கப்பட்டிருந்தால் அந்தக் குடும்பங்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்று பெங்களூரு நிம்ஹான்ஸில் நடக்கிறது. வம்சத்தில் இருக்கிறது என்று ஊரார் ஒதுக்கிய குடும்பங்கள்தான் முன்வந்து கை நீட்டி ரத்தம் கொடுக்கின்றன. அவர்களை நான் மனமார வணங்குகிறேன்.

நிம்ஹான்ஸ் என்றதும் நம் தருமபுரி மாவட்டத்தில் பலருக்கு அது இருக்கும் ஓசூர் ரோடு நினைவுக்கு வரும். தருமபுரியில் பஸ் ஏறினால் அந்த ரோட்டில்தான் போய் இறங்க வேண்டும். அங்கே போகிறவர்களில் நோய் முற்றியதால் போகிறவர்கள் உண்டு. தருமபுரி ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்பதற்காக அவ்வளவு தூரம் போகிறவர்களும் உண்டு. பாலக்கோட்டிலோ அரூரிலோ பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இந்தக் கவலை இருக்கத்தான் செய்யும். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா போச்சு" என்பார்கள்.

ஆனால் யாருக்குத் தெரியாமல் மறைக்கிறோம்? தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. மாமன் வீட்டுக்குத் தெரியும், அத்தை வீட்டுக்குத் தெரியும், தரகருக்கு எல்லாருக்கும் முன்பே தெரியும். கடைசியில் தெரியாமல் இருப்பது யாருக்கு என்றால், அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அது உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். பாட்டி எப்படிச் செத்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எதுவும் சொல்லாத இடத்தில் பிள்ளையின் மனது எல்லாவற்றையும் தானே கற்பனை செய்துகொள்ளும். இந்தப் பயத்துக்குத் தீனி போடுவது நோயைவிட அதிகமாக நம் மௌனம் என்பதுதான் என் உறுதியான எண்ணம்.

இந்த மௌனத்துக்கு நாம் கொடுத்த விலை சிறியதல்ல. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களுக்கும் அம்மா, அண்ணன், தங்கை இருந்திருப்பார்கள். மருத்துவம் என்று ஒன்று இருப்பது தெரியாமலோ, வெளியே சொல்ல வெட்கப்பட்டோ கொண்டுவந்து விட்டவர்கள்தான் பலர். இன்று ஒரு மனிதரைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. சிகிச்சைக்கு வருகிறவரின் விவரத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தயங்காமல் போகலாம்.

எப்போது போக வேண்டும்? பயப்படுவதற்கும் நோய் வருவதற்கும் பெரும்பாலும் வித்தியாசம் தெரியும். "எனக்கு ஆரம்பிச்சிருச்சோ" என்று நூறு தடவை தன்னையே சோதித்து, பத்துப் பேரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளத் துடிப்பது, அநேகமாகப் பதற்றத்தின் வேலை. மனச்சிதைவு வந்தவர் பெரும்பாலும் அந்தக் குரலை நிஜமென்றே நம்புவார். தனக்கு நோய் என்ற சந்தேகம் அவருக்குப் பெரும்பாலும் வராது. தூங்கப்போகும் நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் கேட்பது நல்ல ஆரோக்கியமான ஏராளமான பேருக்கு நடக்கிறது. பதற்றமும் சும்மா விட்டுவிட வேண்டியதல்ல. தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்கு வந்துவிட்டால் அதற்கே சிகிச்சை உண்டு, நன்றாகவே குணமாகும்.

கவனிக்க வேண்டியவை வேறு. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் வாரக்கணக்கில் அறையை விட்டு வெளியே வராமல் இருப்பது. பகலில் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பது. தனியாகப் பேசுவது, சாப்பாட்டில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளுவது. மூன்று நாள் தூங்காமலே களைப்பில்லாமல் சுற்றுவது, கையிலிருந்த காசையெல்லாம் வாரி இறைப்பது. ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 18, 20 வயதை ஒட்டியும், பெண்களுக்குச் சற்றுத் தள்ளி 25, 30-ஐ ஒட்டியும் மனச்சிதைவு தலைகாட்டுகிறது.

அந்த வயதில் நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? ஓசூரில், திருப்பூரில், பெங்களூரில். பென்னாகரத்திலிருந்து போன பையன் எட்டுப் பேரோடு ஓர் அறையில் தங்கி நைட் ஷிஃப்ட் பார்க்கிறான். தூக்கம் கெட்டுப்போவது இருதுருவ நோயைக் கிளப்பிவிடக்கூடியது. கஞ்சா, குடும்பத்தில் நோய் உள்ளவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து. அவனுக்கு அம்மாவின் நோயைப்பற்றித் தெரிந்திருந்தால் அந்தப் பொட்டலத்தை நீட்டும்போது வேண்டாமென்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கும். நாம்தான் சொல்லாமல் அனுப்பியிருக்கிறோமே!

கல்யாணமாகிக் கருவுற்றிருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவமான முதல் இரண்டு வாரத்தில், ஆயிரம் தாய்மார்களில் ஓரிருவருக்குத் திடீரெனக் கடுமையான மனநோய் வருவதுண்டு. நம் பக்கம் சன்னி என்பார்கள், காற்றுப் பட்டுவிட்டது என்பார்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ பிள்ளை பெற்றபோது அப்படி வந்திருந்தால், அல்லது உங்களுக்கே முன்பு இருதுருவ நோய் இருந்திருந்தால், இந்த ஆபத்து பல மடங்கு கூடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப்புக்குப் போகும்போதே அதை நர்ஸிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். பிள்ளை பெற்றவள் இரவுகளில் சுத்தமாகத் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசினால் மந்திரிப்பதற்காக ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது. தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. உடனே மருத்துவம் பார்த்தால் பெரும்பாலானவர்கள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். பின்லாந்து நாட்டில், மனச்சிதைவு உள்ள தாய்மார்களுக்குப் பிறந்து வேறு குடும்பங்களில் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்தவர்களை டாக்டர் பெக்கா தியெனாரி பல ஆண்டுகள் கவனித்தார். சண்டையும் குழப்பமும் மிகுந்த வீட்டில் வளர்ந்தவர்களைவிட, இணக்கமான வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நோய் கணிசமாகக் குறைவாக வந்தது. இதை வைத்து, யாருக்கு நோய் வந்தாலும் வளர்த்தவர்கள்மேல் பழி போட்டுவிடாதீர்கள். அன்பான வீடுகளிலும் நோய் வருகிறது. மாற்ற முடியாத வம்சத்துக்குப் பக்கத்தில், நாம் மாற்றக்கூடிய ஒன்றும் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

வந்தேவிட்டால்? சென்னையில் முதல் தடவையாக மனச்சிதைவு வந்த 90 பேரை 1981 முதல், பின்னாளில் ஸ்கார்ஃபில் பணியாற்றிய டாக்டர் தாராவும் மற்றவர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பத்து ஆண்டு முடிவில் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தார்கள். பலர் வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள். உங்கள் அம்மா ஆரம்பத்தில் சரியான வைத்தியமில்லாமல் பட்ட பாட்டை உங்கள் எதிர்காலமாக நினைக்காதீர்கள். அவருக்கு அன்று கிடைக்காத மாத்திரை உங்களுக்குக் கிடைக்கும். சீக்கிரம் கிடைத்தால் சீக்கிரம் தேறலாம்.

ஆகவே பெரியவர்களே, பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயதாகும்போது உட்காரவைத்துச் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். எந்த வயதில் வந்தது, முதலில் என்ன தெரிந்தது, எங்கே காட்டினோம் என்று சொல்லுங்கள். பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு வராது என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லுங்கள். உங்களால் முடியாவிட்டால் மனநல டாக்டரிடம் பிள்ளையைக் கூட்டிப்போய், அவரையே சொல்லச் சொல்லுங்கள். நேரில் போக முடியாதவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

வீட்டில் உள்ள பழைய மருந்துச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு எந்த மாத்திரை கேட்டது, எதனால் கை நடுங்கியது, எதை நிறுத்தியபோது நோய் திரும்பியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருதுருவ நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் தாய்க்கு நன்றாக வேலை செய்திருந்தால், பிள்ளைக்குத் தேவைப்படும்போது அதே மருந்து கேட்கும் வாய்ப்பு அதிகம். என்றைக்காவது ஒரு டாக்டர் அந்த நோட்டைப் புரட்ட நேர்ந்தால், பல மாதச் சிகிச்சை மிச்சமாகும்.