சிற்றில் கட்டும் கைகள்



பாகூர் கல்வியால் புகழ்பெற்ற ஊர். 9-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. அக்கொடை உயர்கல்விக்கு உரியது. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெருமணலும் திண்ணையுமே கல்விக்கூடம்.

இதனை முதலில் உணர்ந்தோர் புலவர்களே. பிள்ளைத்தமிழின் பருவங்களை வரிசையாக நோக்குக. செங்கீரையில் குழந்தை கையூன்றித் தலைநிமிர்ந்து அசைகிறது, சப்பாணியில் கைகொட்டுகிறது, வருகையில் தளர்நடை பயில்கிறது, சிற்றில் பருவத்தில் பிறர் கட்டிய மணல்வீட்டைச் சிதைத்து, அவர்தம் கண்ணீரையும் காண்கிறது. உடல், கை, கால், அதன்பின் பிறர் உள்ளம் என வளர்ச்சியின் படிகள் அங்கே பாட்டாகி நிற்கின்றன.

பல்லாங்குழியும் அத்தகையதே. குழிக்கொரு புளியங்கொட்டை இடும் குழந்தை, எண்ணின் வரிவடிவம் அறியுமுன் எண்ணின் பொருளை அறிகிறது. தன் முறை வரும்வரை காத்திருக்கவும் தோற்றபின் மீண்டும் ஆடவும் பழகுகிறது. ஏட்டால் எளிதில் தர இயலாத பாடங்கள் இவை.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 3 முதல் 6 வயதினர்க்கு முன்பருவக் கல்வியை அங்கன்வாடியின் பணிகளுள் ஒன்றாக்கியது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் தொடக்கப் பருவத்துக்கு விளையாட்டு வழியையே வலியுறுத்துகிறது. ஆயினும் வீடு திரும்பும் பிள்ளையிடம், "இன்று என்ன எழுதினாய்?" என்றே கேட்கிறோம். "என்ன விளையாடினாய்?" என்று கேட்பார் அரியர். வயலில் உழைத்துக் களைத்த தாய், தன் பிள்ளை விரைவில் எழுத்தறிய வேண்டுமென விழைவது குற்றமன்று. விரல் உறுதிபெறுமுன் எழுதுகோலைத் திணித்தால் எழுத்தின்மேல் அச்சமே வளரும் என்பதை அவளுக்கு அன்போடு எடுத்துரைக்காமையே குற்றம்.

வில்லியனூரில் பிறந்து பாகூரை அடுத்த சேலியமேட்டில் வாழ்ந்த பாவலர் வாணிதாசன், பள்ளி ஆசிரியராகவும் விளங்கியவர். பாவேந்தரின் மாணவரான அவர் குழந்தைகளுக்கும் பாடினார். அந்த மரபு இலக்கிய வட்டங்களுக்கு ஒரு கடமையை விட்டுச் சென்றுள்ளது. இவ்விரு கொம்யூன்களின் பாட்டிமார் நினைவில் எஞ்சியிருக்கும் விளையாட்டுப் பாடல்கள் அவர்களோடு மறையுமுன் தொகுக்கப்பெற வேண்டும். கைதட்டவும் குதிக்கவும் ஏற்ற புதுப்பாடல்கள் பிறந்து, அங்கன்வாடிகளில் ஒலிக்க வேண்டும்.

பத்தாண்டு கண்ட வட்டம் அடுத்த பத்தாண்டில் அரங்கேற்றும் பாட்டுகளுள் சில, மூன்று வயதுச் சுவைஞர் முன் அரங்கேறட்டும். அவர்கள் பொய்யாகக் கைதட்டார்.