வயசை எழுதுகிற கை



நான் வக்கீல் இல்லை. சேரிப் பையன்களுக்காகக் காவல் நிலைய வாசலில் நின்று நின்று கற்றதைத்தான் பேசுகிறேன்.

ஒருநாள் ராத்திரி எங்க தெருப் பையனைத் தூக்கிட்டுப் போனாங்க. ஊர்ல ஒரு சைக்கிள் காணோம். அதுக்கு ஒரு ஆள் வேணும். எட்டாவதோடு படிப்பை விட்டுச் சென்ட்ரிங் வேலைக்குப் போனவன் அவன். காலையில் போய்ப் பார்த்தால் காகிதத்தில் 19 வயசு. “பதினஞ்சுதான்யா” என்று அவன் அம்மா அழுதாள். “கையைப் பாரு, காய்ச்சுப் போயிருக்கு. இவனா சின்னப் பையன்?” என்றார் எழுதியவர். தலைமை ஆசிரியரைத் தேடிப் பிறந்த தேதிச் சான்று வாங்கி வர இரண்டு நாளானது. அந்த இரண்டு நாளும் அவன் பெரியவர்களோடு லாக்கப்பில் கிடந்தான். வெளியே வந்தபோது அவனால் காலை ஊன்ற முடியவில்லை.

கை ஏன் காய்த்தது? படிக்க வேண்டிய வயதில் கம்பி தூக்கியதால். வறுமை கொடுத்த காய்ப்பையே வயதுக்குச் சாட்சியாக்குகிறது சாதிப் புத்தி.

இது இன்று நேற்றுக் கதையில்லை. இந்தியாவிலேயே முதல் சிறுவர் சட்டம் 1920-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதே மாகாணத்தில் அப்போது ரேகைச் சட்டமும் நடப்பில் இருந்தது. சில பிள்ளைகளைத் திருத்தலாம், சில பிள்ளைகள் பிறவிக் குற்றவாளிகள். இந்த இரட்டைக் கணக்கு இன்னும் சாகவில்லை.

2015 சட்டம் என்ன சொல்கிறது? 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஆனால் அதே சட்டம்தான், கொடுங்குற்றம் என்றால் 16 வயதுக்கு மேற்பட்டவரின் ‘மன முதிர்ச்சி’யை எடைபோட்டுப் பெரியவராக விசாரிக்கவும் வழி திறந்தது. காய்த்த கையைப் பார்த்து வயசு சொன்ன சமூகம் மனசை எப்படி எடைபோடும்?

இல்லத்துக்கு அனுப்பினால் முடிந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் செத்தான். இல்லப் பணியாளர்களே கைதானார்கள். நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். 2023 நவம்பரில் அறிக்கையும் வந்தது. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இல்லம் இல்லமாகக் கேள்வி கேட்க வேண்டியது நாம்தான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியிலிருந்து பிறந்த தேதிச் சான்று, இல்லையென்றால் பிறப்புச் சான்று வாங்கி வையுங்கள். டி.சி.யை மட்டும் நம்பாதீர்கள். 2023-ல் ஒரு போக்சோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் போதுமான வயதுச் சான்றாக ஏற்கவில்லை. குற்றம் நடந்த நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. தீர்ப்பான பிறகும் அந்தக் கேள்வியை எழுப்பலாம்.

நம் பிள்ளைகளின் வயசை இனி அவர்கள் எழுத வேண்டாம். நாம் எழுதி வைப்போம்.

ஜெய்பீம்!