நீளத்துக்கு ஒரு மூச்சு



திட்டம் போடக் கற்றுக்கொடுத்தது இந்தக் கல்லூரி. அது என் உடம்புக்கு உதவிய கதையைச் சொல்கிறேன்.

34 வயதில் எனக்கு ரத்த அழுத்தம் 150/100. மாத்திரை எழுதிய டாக்டர், "நீந்தவும் செய்யுங்க" என்றார். வேளச்சேரி நீச்சல் குளத்துக்குப் போனேன். 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டியது. நீளம் 50 மீட்டர். முதல் நாளே 20 நீளம் என்று கணக்கு. மூன்றாவதிலேயே மூச்சு முட்டி, ஓரத்தைப் பிடித்துத் தொங்கினேன்! "மூச்சை அடக்காதீங்க சார், தண்ணிக்குள்ளயே விடுங்க" என்றார் பயிற்சியாளர்.

புதுத் திட்டம் போட்டேன். வாரம் மூன்று நாள். ஒரு நீளம், அரை நிமிட ஓய்வு, இப்படி எட்டு. வாரத்துக்கு ஒரு நீளம் மட்டும் கூட்டுவது. 12 வாரத்தில் 20 நீளம், அதாவது 1000 மீட்டர்!

கலோரிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 75 கிலோ ஆள் அரை மணி நிதானமாக நீந்தினால் சுமார் 200 கலோரிதான் செலவு. கரையேறியதும் அகோரப் பசி. பூரி செட் ஒன்று சாப்பிட்டால் வரவு செலவு சரி! எனக்கு எடை மூன்று கிலோதான் குறைந்தது. ஆனால் படுத்ததும் தூக்கம் வருகிறது. அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. வீட்டில் எரிந்து விழுவதும் குறைந்துவிட்டது.

தம்பிகளே, ஒன்று மட்டும் சொல்வேன். ஒரு நாள் விட்டுப்போனால் அதை அரியர்ஸ் மாதிரி மறுநாள் சேர்த்து எழுதாதீங்க. அன்றைய பாடத்தை அன்றைக்கு நீந்தினால் போதும்.