தமுக்கத்தில் படித்த பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இன்ஜினியரிங் பத்தி ஏதாவது பேசுப்பா, பத்து நிமிஷந்தான்" என்றார் செயலாளர். நான் ராட்டினத்தைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நான் கோச்சடைக்காரன். எங்களுக்குச் சித்திரை பிறந்தால் மூன்று விசேஷம். மீனாட்சி கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்குவது, தமுக்கம் பொருட்காட்சி. முதல் இரண்டுக்கும் அம்மா கூட்டிப் போவார். மூன்றாவதற்கு அப்பாவை நச்சரிக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் சிம்மக்கல் வந்து, 1889-இல் திறந்த ஏ.வி. பாலத்தில் நடந்து, கோரிப்பாளையம் தாண்டினால் தமுக்கம்.

அரசுப் பொருட்காட்சி என்றுதான் பெயர். முன்வரிசையில் அரசுத் துறைகளின் அரங்குகள். பின்னால் போனால் பேய் வீடு, மரணக் கிணறு, தலை மட்டும் பேசும் பெண், முறம் அளவுக்கு டெல்லி அப்பளம். அரசாங்கமும் பேயும் ஒரே காம்பவுண்டில் குடியிருந்த இடம் அது!

2008-இல் நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டல் நண்பர்கள் ஐந்து பேர் போனோம். படிக்கிற திமிர் எங்களுக்குக் கொஞ்சம் அதிகம். தலை பேசும் பெண்ணைப் பார்த்ததும், "மேஜைக்கு அடியில 45 டிகிரியில ரெண்டு கண்ணாடிடா, அவ்வளவுதான்" என்று கூட்டமே கேட்கும்படி சத்தம் போட்டேன். தலை என்னைத் திரும்பிப் பார்த்து, "தெரிஞ்சா வீட்ல போயிச் செஞ்சு பாருங்க தம்பி" என்றது. கூட்டம் சிரித்தது. வெளியே வந்துவிட்டோம்.

மரணக் கிணற்றில் மானத்தை மீட்கப் பார்த்தேன். கிணற்றின் ஆரம் 5 மீட்டர், உராய்வு எண் 0.6 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 33 கிலோமீட்டர் வேகம் போதும், பைக் விழாது. அப்போது ஓட்டுகிறவர் தன் எடையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக உணர்வார். டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி நண்பர்களிடம் காட்டினேன்.

பக்கத்து ராட்டினத்தின் ஃபிட்டர் அதை எட்டிப் பார்த்தார். வயதானவர், கையில் சின்னச் சுத்தியல். "கணக்கு சரியாத்தான் இருக்கும் தம்பி. ஆணி கழண்டு போறது இந்தக் கணக்குல எங்கிட்டு வருது?" என்றார்.

பதில் இல்லை. சிரித்துக்கொண்டே எங்களை உள்ளே கூட்டிப் போனார். ஒவ்வொரு கூண்டும் ஒரு கம்பியில் தொங்குகிறது. அந்தக் கம்பி நழுவாமல் பிடிப்பது ஒரு ஸ்பிளிட் பின். துளையில் விட்டு, இரண்டு காலையும் விரித்து மடக்கிய சின்னக் கம்பித்துண்டு. "ஒருக்கா மடக்குனத மறுபடி போடக் கூடாது. தெனம் சாயங்காலம் அத்தனையும் எண்ணிருவேன். எண்ணாம ஆளேத்த மாட்டேன்." போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். பெயர் கேட்டேன், சொல்லவில்லை.

இந்த ராட்டினத்துக்கு மூத்தது 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் நின்றது. உயரம் 264 அடி, 36 கூண்டு, ஒரே நேரத்தில் 2,160 பேர். சைக்கிள் சக்கரம் போலக் கம்பிகளின் இழுவிசையில் நின்ற சக்கரம். அதைக் கட்டிய ஜார்ஜ் ஃபெரிஸுக்கு அப்போது வயது 34, ஏறக்குறைய என் வயது. அவர் தொழில் என்ன தெரியுமா? பாலங்களுக்குப் போகும் இரும்பைச் சோதிப்பது. அவரும் எண்ணிப் பார்க்கிற ஜாதிதான்!

இனி நான் சொல்லப்போவது பெருமைக்குரிய விஷயம் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் வேறொரு ஊரில் ஒரு திருவிழா. ஊர்ப் பெயர் வேண்டாம். ஐந்து வயது மகளோடு ராட்டின வரிசையில் நின்றேன். பழக்கதோஷத்தில் கண் மேலே போனது. ஒரு கூண்டில் பின் இருக்க வேண்டிய துளை காலியாக இருந்தது. என்ன செய்தேன் தெரியுமா? "வாம்மா, ஐஸ் வாங்கித் தாரேன்" என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்தில் யார் சண்டை போடுவது, நம்மை யார் கேட்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் போய்ச் சொன்னேன். ஓட்டுகிறவர் முதலில் முறைத்தார். ஏறிப் பார்த்தவர் இறங்கும்போது முகம் வெளிறிப் போயிருந்தது. உடனே புதுப் பின் மாட்டினார். முந்தின இரவு அந்தக் கூண்டில் எத்தனை குழந்தைகள் ஏறினார்களோ! ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியம் அல்ல. பட்டம் வாங்கிய இன்ஜினியர் தன் குழந்தையை மட்டும் இறக்கிக்கொண்டு போனான், அவ்வளவுதான்.

தமுக்கம் மைதானத்தில் 2022-இல் மாநாட்டு மையம் திறந்துவிட்டார்கள். அந்தப் பெரியவர் எந்த ஊரில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறாரோ தெரியாது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்கள் முன்னாலும் ஏதோ ஒரு துளை காலியாக இருக்கும். சைட்டில் இருக்கலாம், டிராயிங்கில் இருக்கலாம். மேலதிகாரி அவசரப்படுத்துவார். கண்ணில் பட்டால் அங்கேயே, அப்போதே சொல்லிவிடுங்கள். கண்ணாடி வித்தையை நான் அன்றைக்குக் கத்திச் சொன்னேனே, அதே சத்தத்தில் சொல்லுங்கள்.