குளிசைக்குக் கணக்குக் கண்டவர்கள்

(மோர்னிங்சைட்டில் நடந்த எங்கள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



நான் டொக்டரும் இல்லை, பட்டதாரியும் இல்லை. ஏ.எல். வரை இரசாயனம் படித்துவிட்டு இப்போது தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். பிறகேன் மூளை ஆராய்ச்சி பற்றிப் பேச வந்தாய் எண்டு கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

சில வருசத்துக்கு முன்பு என்னோடை ஒரே பேஸ்மன்ரில் இருந்த ஒரு தம்பிக்கு மனச்சிதைவு நோய் வந்தது. ஆரோ தன்னைப் பற்றிக் கதைக்கிற சத்தம் கேட்குது எண்டு இரவிரவாக முழிச்சிருப்பான். டொக்டர் குளிசை கொடுத்தார். சத்தம் குறைந்தது. ஆனால் கை நடுங்கியது, உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகியது. "உந்தக் குளிசையை விடடா, அதுதான் உன்னை விசராக்குது" எண்டு சொன்னது வேறு ஆருமில்லை, நான்தான். இரண்டு மாதத்தில் அவனை அம்புலன்சில் ஏற்றவேண்டி வந்தது.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். இந்தக் குளிசை மூளையில் எங்கே போய் வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் இதே ரொறன்ரோவில் இருந்திருக்கிறார். பெயர் பேராசிரியர் பிலிப் சீமன். 1934இல் வினிப்பெக்கில் பிறந்தவர். 1967இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இவரின் மனைவி மேரி சீமன் இந்த நோயாளரைப் பார்த்த மனநல மருத்துவர்.

1950களிலிருந்தே இந்த நோய்க்கு மருந்து இருந்தது. அது எந்தப் பூட்டுக்குரிய திறப்பு என்பதுதான் தெரியாது. சீமன், ஹலோபெரிடோல் என்ற மருந்தில் கதிர்வீச்சுள்ள ஐதரசனைச் சேர்ப்பித்து, அதை மூளைத் திசுவோடு கலந்து, எவ்வளவு ஒட்டுகிறது என்று அளந்தார். 1975இல் பூட்டு அகப்பட்டது. டொப்பமைன் என்ற இரசாயனத்தை ஏற்கும் இடம் அது. இன்றைக்கு அதை டி2 என்கிறார்கள். அடுத்த வருடமே இன்னொன்றைக் காட்டினார்: அந்த இடத்தில் இறுக்கமாக ஒட்டுகிற மருந்தென்றால் நோயாளிக்குக் கொஞ்சம் போதும், தளர்வாக ஒட்டுகிறதென்றால் கூடக் கொடுக்கவேணும்.

சரி, உயிரோடு இருக்கிற மனிதனின் மூளையை வெட்டிப் பார்க்க ஏலுமா? இங்கேதான் இரசாயனம் கைகொடுத்தது. பெற் ஸ்கானில், கதிர்வீச்சுள்ள காபன்-11 சேர்த்த ஒரு பொருளை மிகச் சொற்பமாக ஊசியால் ஏற்றுவார்கள். ஏ.எல்.இல் படித்த அரைவாழ்வுக் காலம் ஞாபகமிருக்கா? காபன்-11க்கு அது 20 நிமிடம். 40 நிமிடத்தில் காற்பங்குதான் மிஞ்சும். அதற்குள் செய்து, சுத்தம் பார்த்து, ஊசி போட்டு, படம் எடுக்கவேணும். குளிசை ஏற்கெனவே பிடித்துக்கொண்ட இடத்தில் இந்தப் பொருள் ஒட்டாது. அப்படியே குளிசை எத்தனை வீதம் பிடித்திருக்கு என்று கணக்கிடலாம்.

ரொறன்ரோவில் சிற்றிஜ் கபூர் என்ற இந்திய மருத்துவரும் குழுவினரும், முதன்முதல் இந்த நோய் வந்த 22 பேருக்கு நாளுக்கு 1 அல்லது 2.5 மில்லிகிராம் ஹலோபெரிடோல் கொடுத்து இப்படிப் பார்த்தார்கள். முடிவு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. 65 வீதத்துக்கு மேல் பிடித்தால் நோய் குறையும் வாய்ப்புக் கூடுகிறது. 78 வீதத்தைத் தாண்டினால் நடுக்கமும் இறுக்கமும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. அந்தச் சிறிய அளவே பலருக்குப் போதுமாயிருந்தது. அதற்கு முந்திய காலத்தில் 10, 20 மில்லிகிராம் கொடுப்பது சாதாரணம்!

ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படிப் படம் எடுத்து அளவு சொல்வதில்லை. ஆனால் குறைந்த அளவில் தொடங்கிப் பார்க்கலாம் என்பதற்கு இது ஆதாரம் கொடுத்தது. எங்கடை தம்பிக்கும் பிறகு டொக்டர் மருந்தை மாற்றி அளவைக் குறைத்தார். இப்போது வேலைக்குப் போய்வருகிறான். நான் அண்டைக்குச் சொல்லியிருக்க வேண்டியது "விடடா" எண்டில்லை, "வா, டொக்டரிட்டைப் போய்ச் சொல்லுவம்" எண்டுதான்.

சீமன் 2021இல் காலமானார். நாங்களோ இன்னும் நூல் கட்டுகிறோம், பார்வை பார்க்கிறோம், மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று மூத்தவனை அறைக்குள் ஒளிக்கிறோம். நீரிழிவுக் குளிசையை ஒருவரும் ஒளித்துப் போடுவதில்லையே?

தயவுசெய்து மருந்தை நீங்களாக நிப்பாட்டாதேங்கோ. ஒத்துவராவிட்டால் டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. ஆங்கிலம் தடையென்றால் எங்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் வரத் தயார்.