தேறல் என்னும் சொல்



பிரான்சில் கிரெனாஷ், ஸ்பெயினில் கார்னாச்சா, சார்டீனியாவில் கன்னோனாவ்: ஒரே திராட்சைக்கு மூன்று பெயர்கள். ஷாத்தோநெஃப் து பாப் பகுதியில் பல வகைகளைக் கலக்க விதி இடந்தந்தும், ஷாத்தோ ராயாஸ் பண்ணையினர் கிரெனாஷ் ஒன்றைக்கொண்டே செம்மது ஆக்குகின்றனர். இதன் தோல் மெல்லியது, நிறம் வெளிறியது, சர்க்கரை மிகுதி. தோலோடு நொதித்த சாற்றைப் பிழிந்து, வண்டல் படியக் காத்திருந்து, தெளிவை மட்டும் வேறு கலத்துக்கு மாற்றுவர். காற்று மிகுதியாகப் பட்டால் நிறமும் மணமும் கெடும். செவ்வனே தெளிந்ததில் ஸ்ட்ராபெரி மணமும் வெண்மிளகின் காரமும் தோன்றும்.

இதனைத் தமிழில் எவ்வாறு வழங்குவது? தெளிதலைக் குறிக்கும் 'தேறு' என்னும் வினையடியாகப் பிறந்தது 'தேறல்'. யவனர் கொணர்ந்ததைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் அச்சொல்லாலேயே சுட்டுகிறது. 'திராட்சை மது' பழத்தைச் சொல்லும், செய்கையைச் சொல்லாது. ஆகவே, இனி 'கிரெனாஷ் தேறல்' என்றே எழுதுவோம்.