கொச்சிக்கடை அந்தோனியாரும் பாலைவனத்து அந்தோனியாரும்



கொட்டாஞ்சேனையில் படித்த நமக்குக் கொச்சிக்கடை அந்தோனியாரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இன்று வெள்ளவத்தையில் குடியிருந்தாலும், செவ்வாய்க்கிழமைகளில் நெற்றித் திருநீற்றோடு அங்கே மெழுகுதிரி ஏற்றப் போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். ஆனால் அந்தோனியார் இருவர் என்பதும், நம்மவர் மற்றவரின் பெயரை எடுத்துக்கொண்டவர் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலாமவர் எகிப்தியர். பெற்றோர் விட்டுச்சென்ற காணிகளைக் கொடுத்துவிட்டு, பாலைவனத்தில் தவமிருந்து, 356இல் காலமானவர். தம் உடலை மக்கள் வைத்து வணங்கக் கூடாதென்று, புதைத்த இடத்தை இரகசியமாக வைக்கும்படி சீடர்களிடம் சொன்னாராம். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் போர்த்துக்கலில் பெர்னாண்டோ என்ற இளந்துறவி 1220இல் பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்தார். அந்த எகிப்தியரின் பெயரிலிருந்த சிறு மடத்தில் தங்கி, அந்தோனி எனப் பெயர் மாற்றிக்கொண்டார். ஜூன் 13இல் நாம் திருவிழாக் கொண்டாடும் பதுவை அந்தோனியார் இவர்தான்.

வைத்தியர் என்ற முறையில் எனக்கு முதலாமவரிடம் தனிப் பற்று. அவருடைய எலும்புகளென நம்பப்பட்டவை 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஒரு கிராமத்தை அடைந்தன. (முனிவர் எதை வேண்டாமென்றாரோ அதுவே நடந்தது!) அங்கே பெரிய யாத்திரைக் கோயில் எழுந்தது. அக்காலத்தில் 'அந்தோனியார் நெருப்பு' என்றொரு நோய். கைகால்கள் எரிந்து, கறுத்து, அழுகி விழும். றை என்ற தானியக் கதிரில் வளரும் எர்கொட் பங்கசு, மாவோடு கலந்து உடலிற் சேர்ந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கியதே காரணம். அன்று அது தெரியாது. கோயிலுக்கு வந்த நோயாளருக்கு அந்தோனியார் சபைத் துறவிகள் நல்ல பாண் கொடுத்தார்கள். மூலிகை சேர்த்த பன்றிக்கொழுப்பைப் பூசினார்கள். அழுகிய உறுப்பை அகற்றுவித்தார்கள். தேறியவர்கள் வேண்டுதல் பலித்ததென்றார்கள். நஞ்சுப் பாண் நின்றதும் ஒரு காரணம் என்பேன் நான். ஆனால் நல்ல பாண் கிடைத்ததே கோயிலுக்குப் போனதால்தான்.

அதே பங்கசிலிருந்து 1935இல் பிரித்தெடுத்த எர்கோமெற்றின், பிரசவத்தின் பின் கருப்பையைச் சுருங்கவைத்து இரத்தப்பெருக்கை நிறுத்துகிறது. காலைப் பறித்த குணந்தான் தாயைக் காக்கிறது.

துன்பம் வந்தால் கோயிலைத் தேடும் மனம் நம்மூரிலும் மாறவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலேயே குண்டு வெடித்தது. திருவிழாவுக்கு முதல்நாள், ஜூன் 12இல், ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. எல்லா மதத்தவரும் மறுபடி வரத் தொடங்கினார்கள்.

"ஒப்பரேசனுக்கு முன்னம் கொச்சிக்கடைக்குப் போய்வரட்டோ, டொக்டர்?" என்று கேட்கும் அம்மாமாரைச் சில இளம் வைத்தியர்கள் கடிந்துகொள்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. வேண்டாமென்றாலும் அவர் போவார். பிறகு நம்மிடம் வராமலே விடவும் கூடும். "செவ்வாய் போட்டு வாங்கோ அம்மா, புதன் காலமை வெறும் வயித்தோட வாட்டுக்கு வந்திடுங்கோ" என்று சொல்லி, திகதியைத் துண்டில் எழுதிக் கொடுப்பேன்.